ஏட்டு மட்டும் சாகவில்லை

அந்த பூட்ஸ் ஏழாம் நம்பர். என் கால் ஒன்பது. போலீஸ் படங்களில் கான்ஸ்டபிளாக நிற்கும் துணை நடிகர்களுக்கு பூட்ஸ் கோணிப்பையில் வரும். பையைக் கவிழ்த்துக் கொட்டியதும் முதலில் பாய்கிறவனுக்கு அளவான ஜோடி, கடைசியில் வருகிறவனுக்கு மிச்சம். அன்று ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டுவிட்டு நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு பழைய கிடங்கைக் காவல் நிலையமாக மாற்றியிருந்தார்கள். என் சட்டையில் 'ஏழுமலை' என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தது. மதியத்துக்குள் விரல்கள் கன்றிப்போக, பூட்ஸைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு சாக்ஸோடு நின்றேன். கேமரா இடுப்புக்கு மேலேதான் பார்க்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

அந்த நேரம் பார்த்து இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. கூட்டாளியைப் பறிகொடுத்த இன்ஸ்பெக்டர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கான்ஸ்டபிள் தட்டை எடுத்து வந்து ஏதாவது சொல்ல வேண்டும். "அந்த உயரமான ஆள் வரட்டும்" என்றார். பத்து பேரில் உயரமானவன் நான்தான். நான் மேசைக்கடியில் பூட்ஸைத் துழாவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவன் தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன்தான் ஏட்டு. அச்சரப்பாக்கத்துக்காரன். எந்தப் படத்திலும் தலைமைக் காவலர் வேஷம்தான் என்பதால் எங்கள் வட்டாரத்தில் அவனுக்கு அதுவே பெயர். ஊரே இன்று அவனை 'அவர்' என்கிறது. என்னைவிட இரண்டு மாதம் இளையவன். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

எழுதிக் கொடுத்த வசனத்தை அவன் தன் ஊர்ப் பேச்சில் சொன்னான். "ஐயா, நாஸ்தா ஆறிப்போவுது. செத்தவனுக்காக நாம பட்டினி கெடந்தா, நாளைக்கி அவனுக்காக ஓடுறது யாரு?" அவ்வளவுதான். தட்டை வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான். பெரிதாக எதுவும் நடந்துவிட்ட மாதிரி அவனுக்கே தெரியவில்லை. படம் வந்ததும் தியேட்டரில் அந்த இடத்துக்குக் கைதட்டினார்கள். டீக்கடையில் பஜ்ஜி ஆறினால்கூட அந்த வசனத்தைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்குக் கால் விரல் வலித்தது.

இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள் என்றதும் எங்களையும் கூப்பிட்டார்கள். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு சவுக்குத் தோப்பில் படப்பிடிப்பு. ஏட்டுக்குப் படம் முழுக்க வேஷம், தனி நாற்காலி, அளவெடுத்து வாங்கிய பூட்ஸ். நான் பழையபடி கும்பலில் நிற்கப் போனேன். காக்கிச் சட்டையைப் போடப்போகும் நேரத்தில் ஒரு பெண் உதவி இயக்குநர் தடித்த ஆல்பத்தோடு வந்தார். முதல் பாகத்துக்கும் இதற்கும் ஆள், உடை, காயம் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. என் முகத்தையும் ஆல்பத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க மொத பாகத்துலயே செத்துட்டீங்களே" என்றார்.

உண்மைதான். முதல் பாகத்தின் கடைசிச் சண்டையில், நெம்மேலிக் கடற்கரையில், குண்டடிபட்டு அலையோரம் விழுந்திருந்தேன். செத்த போலீஸ் திரும்பி வர முடியாது என்று என்னை ரவுடிக் கும்பலில் சேர்த்து, ஒட்டுத்தாடியும் கட்டம்போட்ட லுங்கியும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எடுக்கும் காட்சியில் ஏட்டு என்னைக் கன்னத்தில் அறைய வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொறாமைக்காரனுக்குக் கண் கூர்மை. இரண்டு நாளும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் போனில் முதல் பாகத்தின் கடைசிச் சண்டையையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். இன்ஸ்பெக்டர் பிணங்களுக்கு நடுவே தனியாக நடந்து போவார். மூன்றாவது பிணத்தில் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். காக்கிச் சட்டை, ஒருக்களித்த முகம், அந்த விடைத்த காது. ஏட்டுதான். அவனும் செத்திருக்கிறான்! எனக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமா? கண்டம் தாண்டினவன் மாதிரி மனசு துள்ளியது. கதையில் ஓட்டை இருந்தால் பொறுக்க மாட்டார் இந்த இயக்குநர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏட்டின் வேஷம் போய்விடும் என்று தெரிந்தேதான் நான் அந்தப் பெண்ணிடம் போனேன். தெரியாமல் செய்தேன் என்று இப்போது எழுதினால் அது பொய்.

அவர் போனைப் பார்த்துவிட்டு ஆல்பத்தைப் புரட்டினார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவன் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது. கேமராவைப் பார்த்து ஒரு முறை சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் சாவு கூடவே வரும் என்று பயம். நெம்மேலியில் செத்தவர்களையெல்லாம் வரிசையாக உட்காரவைத்துச் சிரிக்கச் சொல்லி எடுத்த படம் ஆல்பத்தில் இருந்தது. மணல் ஒட்டிய முகங்களோடு பதினைந்து பிணங்கள் சிரித்தன. நடுவில் ஏட்டு. பார்த்தீர்களா என்று நான் விரலை வைத்தேன். அந்தப் பெண் விரலுக்குக் கீழே குனிந்து பார்த்து, அவன் நெஞ்சிலிருந்த பெயர்ப்பட்டையைப் படித்தார்.

"ஏழுமலை. இது உங்க கேரக்டர் பேராச்சே அண்ணா. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

நான் இல்லை. அந்தச் சண்டையை இரண்டு நாள் எடுத்தார்கள். முதல் நாள் குண்டடிபட்டு விழுந்தது நான். மறுநாள் வெயிலில் பிணமாகப் படுத்துக் கிடப்பதுதான் வேலை. அந்த மறுநாள் நான் சென்னையில் ஒரு டிவி தொடருக்கு வசனம் பேசிக் காட்டப் போயிருந்தேன். அது கிடைக்கவும் இல்லை. போகிறேன் என்று ஏட்டு ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன், சமாளித்துக்கொள் என்று. எங்களைக் கூட்டி வரும் ஏஜென்ட் வேறு யாரையோ படுக்க வைத்திருப்பார் என்று நினைத்து அந்த நாளையே மறந்துபோனேன். அன்று ஏட்டுக்கு வேலையே கிடையாது.

இதற்குள் விஷயம் இயக்குநர் காதுக்குப் போய்விட்டது. வந்து போனைப் பார்த்தார், ஆல்பத்தைப் பார்த்தார், என்னையும் ஒட்டுத்தாடியோடு ஒரு முறை பார்த்தார். "ஏட்டு முகம் இப்ப ஊருக்கே தெரியும். படம் பாக்கறவன் அவரைத்தான் பாப்பான், கீழ கெடக்கற பொணத்தை யார் பாக்கறா?" என்றார். பிறகு, செத்தது ஏழுமலைதான், அதில் மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டு ஷாட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏட்டு சவுக்கு மர நிழலில் எனக்காக நின்றுகொண்டிருந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன், வந்தால் நல்லது என்றும் இருந்தது.

"இன்னா மச்சான், என்னாண்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. நீ வர்லன்னு தெரிஞ்சா அந்த ஏஜென்ட் உன்ன மறுபடி கூப்புடவே மாட்டான். அதான் உன் சட்டைய மாட்டிகினு படுத்துகினேன்."

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அதுல சொல்ல இன்னா கீது?" என்றான். பொறாமைப்பட்டு உன்னை மாட்டிவிடத்தான் போனேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. அரை மணி நேரத்தில் அறைகிற காட்சி வந்தது. கை கன்னத்தில் படாமல் விலகிப் போகும், நாம்தான் முகத்தைத் திருப்ப வேண்டும். நிஜமாகவே அறைந்துவிடு என்று மெதுவாகச் சொன்னேன். அவன் அறையவில்லை. பட்டுவிடப் போகிறதே என்று அரை சாண் தள்ளியே கையை வீசினான். அதனால் இரண்டு டேக் வீணாயிற்று.

படம் வெளியாகிவிட்டது. செங்கல்பட்டில் வீட்டுக்காரியோடு போய்ப் பார்த்தேன். ஏட்டு வந்து நிற்கும்போதெல்லாம் விசில். முகத்தைப் பார்த்தாலே நல்ல மனுஷன் என்று தெரிகிறது என்றாள் அவள். ஆமாம் என்றேன். ஆள் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அதிர்ஷ்டத்தில் அவன் என்னை முந்தியதை ஒரு பூட்ஸின் மேல் பழி போட்டு ஆற்றிக்கொள்ளலாம். நட்பிலும் அவன் முந்திவிட்டதற்கு யார் மேல் பழி போடுவது?

போன வாரம் போன் செய்தான். மூன்றாம் பாகம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். செத்துப்போன ஏழுமலைக்கு அதே முகத்தில் ஒரு அண்ணன் இருக்கட்டும், தம்பியைக் கேட்டு ஸ்டேஷனுக்கு வந்து நாலு வார்த்தை பேசட்டும் என்று இயக்குநரிடம் இவனாகவே சொல்லியிருக்கிறான். அவரும் சரி என்றுவிட்டாராம். "வருவ இல்ல மச்சான்?" என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. இருபது வருஷமாகக் காத்திருந்த நாலு வார்த்தை. அதுவும் அவன் கையிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது என்று வயிறு எரிகிறது. போவேன். அது அவனுக்கும் தெரியும்.