கோயில் வழியாக இழுத்துப் போன பிக்அப்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை போனில் கேட்ட குரல் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருக்கு என் குரல் அடையாளம் தெரியவில்லை. மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊரில் நானும் என் கணவரும் நடத்தும் பட்டறையின் எண்ணை யாரோ கொடுத்திருந்தார்கள். அவருடைய பிக்அப் செம்பனைத் தோட்டத்துக்குள் நின்றுவிட்டதாம்.

அந்தத் தோட்டத்து ஆபீசில் நான் ஆறு வருஷம் வேலை செய்தவள். அவர் அங்கே மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஒருமுறை ஸ்டோரில் டீசல் குறைந்தபோது, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்களெல்லாம் வரிசையில் நிற்க, "சாவி இவகிட்டதானே இருக்கு, வேற யாரு எடுப்பா?" என்றார். பிறகு எடுத்தவன் ஒரு லோரி டிரைவர் என்று பிடிபட்டது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வேலையை விட்டேன்.

கணவர் உலு யாமுக்குப் போயிருந்ததால் நானே எங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நீயாம்மா? பட்டறைக்காரரு வரலியா?"

"நான்தான் ஐயா."

டைமிங் பெல்ட் அறுந்திருந்தது, எஞ்சின் ஓடாது. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துத்தான் போகவேண்டும். ஃபோர் வீல் வண்டியை அப்படியே இழுக்கக்கூடாது. கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரை நியூட்ரலில் தள்ளாவிட்டால், சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே எண்ணெய் ஏறாமல் கியர்பாக்ஸ் தீய்ந்துவிடும். இது அவருக்குத் தெரியாது. தள்ளாமலே விட்டுவிடலாமா என்று லீவர்மேல் கையை வைத்தபடி யோசித்தேன். ஆனால் என்னைப் பற்றி இன்னொரு முறை பேச அவருக்கு இடம் கொடுக்க மனம் வரவில்லை. தள்ளினேன். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைத் திருப்பி வைத்தேன். ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன்.

எங்கள் வண்டியில் முக்கோண இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. அதை மாட்டினால் பின்னால் வரும் வண்டி தானாகவே திரும்பும். இழுபடும் வண்டியில் யாரும் உட்கார வேண்டாம். அதைத் தார்ப்பாய்க்கு அடியில் விட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தேன்.

"நீங்க உள்ள உட்காந்து ஓட்டணும் ஐயா. எஞ்சின் இல்லாம ஸ்டியரிங், பிரேக் எல்லாம் கல்லு மாதிரி இருக்கும். அழுத்தி மிதிங்க. ஏர்கோன் வராது, கண்ணாடிய எறக்கிக்குங்க."

"தோள் வலிம்மா எனக்கு. மெதுவா போ லா."

மெதுவாகத்தான் போனேன். பெரிய ரோட்டுக்கு நேர்வழி இருந்தும், தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்தைச் சுற்றிக் கோயில் வழியாகத் திருப்பினேன். திருவிழாவுக்காகக் கோயிலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்று பெரட்டில் நின்றவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். கயிற்றைப் பார்ப்பதுபோல் வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"மண்டோர் வண்டியாடி?" என்றாள் ஒரு அக்கா.

"ஆமாக்கா. நின்னு போச்சு. நான்தான் இழுத்துக்கிட்டுப் போறேன்." கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

புருவம்வரை செம்மண் புழுதியோடு அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் அவரை அந்தக் கோலத்தில் பார்த்தது நான் நினைத்ததைவிட இனித்தது.

பட்டறையில் இறங்கியபோது அவருக்கு விரல்கள் நிமிரவில்லை. "நேர்வழி இருக்குல்லம்மா?" என்றார்.

"இருக்கு ஐயா."

முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். அவர் துடைத்து முடிக்கும்வரை, அந்த ஒரு வார்த்தை இப்போதாவது வருமா என்று பக்கத்திலேயே நின்றேன். வரவில்லை. தன் மச்சானை வரவழைத்து, மச்சானின் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரமே கணவர் வண்டியைச் சரிசெய்து கொடுத்தார். அதன்பிறகு மண்டோர் எங்கள் பட்டறைப் பக்கம் வருவதில்லை. பத்து நாளாகக் கையைத் தூக்க முடியாமல் கிடந்தார் என்று கோயிலில் பார்த்த அக்கா சொன்னாள். ஐயோ பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.