மோட்டார் தானாக நின்ற ஞாயிறு

நாங்கள் மாடியில் குடியிருந்தோம். மொட்டைமாடித் தொட்டி நிறைய நாற்பத்திரண்டு நிமிடம் ஆகும். அதற்கு மேல் வழிகிற நீர், முற்றத்தில் வீட்டுக்காரர் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளின் மேல்தான் விழும். எழுபதுகளின் நடுவில், ஒரே மாதத்தில் இரண்டு முறை அப்படி நடந்துவிட்டது.

"சார்வாள், இன்னொரு மட்டம் நனைஞ்சா மோட்டாரைக் கழத்திருவேன். பொறவு கெணத்துலேர்ந்து குடத்துல சொமந்துக்கிடுங்க" என்றார் அவர். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

கப்பலில் எலக்ட்ரீசியனாக இருந்த மைத்துனன், மீன்வலை மிதவை ஒன்றைக் கம்பியில் கோர்த்துத் தொட்டிக்குள் பொருத்தினான். நீர் நிறைந்ததும் மிதவை எழும்பி மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுமாம். ஞாயிறு காலை அவனே மோட்டாரைப் போட்டுவிட்டு, எங்களை மாதா கோயில் பூசைக்குக் கிளப்பினான்.

பிரசங்கம் என் காதில் ஏறவில்லை. மோட்டார் போட்ட முப்பத்தெட்டாவது நிமிடம் எழுந்தேன். மைத்துனன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"உக்காருங்க அத்தான். சாமியை விட ஒங்க தொட்டி பெருசா?"

பூசை முடிந்து ஓடிவந்தேன். மோட்டார் சத்தம் இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று விளக்கைப் போட்டால், எரிந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். விளிம்புக்கு நான்கு விரல் கீழே நீர் அசையாமல் நின்றது. இறங்கிவந்து மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "சார்வாள், எம் மூட்டையை நீங்க ஏன் எண்ணுதீய?"

"பதினேழும் காய்ஞ்சிருக்கு அண்ணாச்சி" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.