ஆல்பம்: சாவுப் பெட்டி

அப்பாவிடம் இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. இரண்டும் ஒரே அளவு. ஒன்றின் மூடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு, மற்றதில் கறுப்புப் பொட்டு. சிவப்பு கல்யாணப் பெட்டி, கறுப்பு சாவுப் பெட்டி. போடியில் மைக்செட் வைத்திருந்த அப்பா ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறிய பிறகும் இசைத்தட்டை விடவில்லை. எந்த வீட்டுக்கு எந்தப் பெட்டி என்பதில் ஒருநாளும் தவறியதுமில்லை.

சாவுப் பெட்டி என்றால் அழுகைப் பாட்டாகத்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. பாதிக்குமேல் துள்ளலான பாட்டுகள். செத்தவர் ஆசையாகக் கேட்ட பாட்டு ஒன்றைப் போடச் சொல்லி வீட்டார் கேட்பார்கள். அப்பாவும் கல்யாணப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுவார். ஆனால் கேத வீட்டில் ஒருமுறை சுற்றிவிட்டால் அவ்வளவுதான், அந்தத் தட்டு கறுப்புப் பெட்டிக்குப் போய்விடும். "அது அவுகளுக்குப் போட்டது அப்பு. இனி இன்னொரு வீட்டுக் கல்யாணத்துல போட்டா நல்லாவா இருக்கும்?" என்பார். இப்படியே ஊரில் செத்துப்போனவர்களுக்குப் பிடித்த பாட்டெல்லாம் அந்தப் பெட்டியில் சேர்ந்துகொண்டே இருந்தது. சிலமலை டீக்கடைக்காரருக்குப் போட்டது எது, தேவாரத்து வாத்தியாருக்குப் போட்டது எது என்று அப்பா தட்டைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

என் அக்காவுக்குப் போட்டதும் அதில்தான் இருந்தது. கைக்குழந்தையை விட்டுவிட்டு அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அப்பா அன்று போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில், கோயில் திருவிழாவுக்குச் செட்டுப் போட்டிருந்தார். செய்தி போய், ஜீப்பில் செட்டோடு இறங்கி வந்தார். வந்தவர் வீட்டுக்குள் போகவில்லை. வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். "இந்தச் சோலிய இன்னைக்கு வேற ஆளு பாக்கட்டும்ணே" என்று சித்தப்பா காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லிப் பார்த்தார். "எம் மகளுக்கு நாந்தேன் கட்டணும்" என்றார் அப்பா. இறங்கி என்னைப் பார்த்து, "அவ பாட்டக் கொண்டா. வெரசா" என்றார். கல்யாணப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நான் அழவில்லை. "கல்லு கணக்கா நிக்கிறானே" என்று அத்தை சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அது திட்டா, பாராட்டா என்றுகூட நான் யோசிக்கவில்லை. அத்தானுக்கு அடுத்த வருஷமே வேறு கல்யாணம் ஆனது. குழந்தை சிலமலையில் அவர்கள் வீட்டில் வளர்ந்தாள். அங்கே அக்காவைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. எங்கள் வீட்டிலும் எடுப்பதில்லை. சித்திரைக்கும் தைக்கும் துணி எடுத்துக்கொண்டு போவேன், காபி குடிப்பேன், வந்துவிடுவேன்.

போன வருஷம் அப்பா காலமானார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காரியங்கள் முடிந்ததும் பெட்டிகளைத் திறந்தால் தட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இருக்கிறது, சாயங்காலங்களில் வேலை குறைவு. எல்லாவற்றையும் பைலாக மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பழைய பாட்டு மேல் பைத்தியமா என்றால் அதெல்லாம் இல்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அது அவசரப்படுத்த முடியாத வேலை. சோப்புத் தண்ணீரில் தட்டைக் கழுவி, காயவைத்து, ஊசியை வைத்தால் பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டும். பிறகு திரையில் அலை அலையாகத் தெரிவதைப் பெரிதாக்கி, கீறலால் வரும் 'டப்' சத்தங்களைத் தேடித் தேடி அழிக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு பைலுக்கும் கட்டங்களை நிரப்ப வேண்டும்: பாட்டு, பாடியவர், ஆல்பம். எனக்குப் பிடித்ததே இந்தக் கடைசி வேலைதான். கட்டத்தை நிரப்ப மனசு எதற்கு? அப்பாவின் கணக்கு கெட்டுவிடக் கூடாது என்று ஆல்பம் என்ற கட்டத்தில் பெட்டியின் பெயரையே போட்டேன். ஒவ்வொன்றாக அடிக்கவில்லை. கறுப்புப் பெட்டித் தட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அடியில் 'சாவுப் பெட்டி' என்று கொடுத்துவிட்டேன். அக்காவின் பாட்டும் அதற்குள் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகளுக்குத் தேவாரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தாய்மாமன் சீர் பற்றிப் பேசப் போயிருந்தபோது அவள் வாசல்வரை வந்து, "மாமா, எங்கம்மாவுக்கு ஒரு பாட்டு ரொம்பப் பிடிக்குமாமே. தாத்தா தட்டுல இருந்து எடுத்துத் தாங்க. கல்யாணத்துல அதப் போடணும்" என்றாள். நெட்டிலேயே நல்ல தெளிவாகக் கிடைக்குமே ஆத்தா என்றேன். "அது ஊருக்கெல்லாம் கிடைக்கும். எனக்கு எங்கம்மா காதுல விழுந்தது வேணும்." அம்மாவுடையது என்று ஒன்றுகூட இல்லாத பிள்ளை. அந்தத் தட்டு இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. பைலைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

போடியில்தான் மண்டபம். மாலை வரவேற்பில் மணமக்களுக்குப் பின்னால் சுவர் அளவுக்கு எல்.இ.டி. திரை. சவுண்டு சர்வீஸ்காரர் பென்டிரைவைச் செருகி, பாட்டை ஓடவிட்டார். பாட்டு ஆரம்பித்தது. கூடவே அவர் கம்ப்யூட்டரில் தெரிந்ததெல்லாம் திரையிலும் வந்தது. மணமக்கள் தலைக்கு மேலே, ஆள் உயர எழுத்தில், ஆல்பம்: சாவுப் பெட்டி.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்துகூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "அடியாத்தீ, நல்ல காரியத்துல என்ன கருமம்டா இது" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். சவுண்டு சர்வீஸ்காரர் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கினார். பாட்டு நின்றது, திரையும் கறுத்தது. மேடையில் அவள் மட்டும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடி, "மாமா, இங்க வாங்க" என்றாள்.

ஊரே பார்க்க மேடை ஏறினேன். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்கம்மா செத்தன்னைக்குப் போட்ட பாட்டா மாமா இது?"

"ஆமாத்தா."

"யாரு போட்டா?"

"உங்க தாத்தா. அவருதேன் செட்டுக் கட்டுனாரு."

"நீங்க அங்க இருந்தீங்களா? அழுதீங்களா?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. "இல்ல ஆத்தா. அன்னைக்கும் அழல, அப்புறமும் அழல. ஏன்னு எனக்கே தெரியல" என்றேன்.

அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள். எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவள் அவரிடம், "அத்தை, எங்கம்மாவ வழியனுப்பினப்ப நான் கைப்பிள்ளை. எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னைக்கு ஒருவாட்டி கேட்டுக்கிறேனே" என்றாள். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சவுண்டு சர்வீஸ்காரரைப் பார்த்துப் போடச் சொல்லித் தலையை ஆட்டினார்.

மாப்பிள்ளை எழுந்து, "இப்படி உக்காருங்க மாமா" என்று தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். பாட்டு முதலிலிருந்து ஓடியது. எனக்கு அழுகை வரவில்லை. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண் மை கரைய, எனக்கும் சேர்த்து அழுதாள்.