கயிறு பிடிக்கிறவர்

வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத உயரத்தில் மாடியிலோ தோட்டத்திலோ ஒரு இரும்புக் கோபுரம் நின்று, அதன் தலையில் மீன்முள் மாதிரி ஆன்டெனா ஒன்று உட்கார்ந்திருந்தால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதை ஏற்றியவள் ஏணியம்மாவாகத்தான் இருப்பாள். அவள் ஏணியைத் தொடுவதே கிடையாது. கோபுரத்தின் குறுக்குக் கம்பிகளில் கால் வைத்து, இடுப்பு பெல்ட்டை மாட்டி மாட்டி ஏறுகிறவள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும், ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் போகவா போகிறது?

அவளுடைய வாடிக்கையாளர்கள் எல்லாம் ஹாம் ரேடியோ பித்துப் பிடித்தவர்கள். சட்டைப் பையில் போன் இருக்கும். அதை அழுத்தினால் உலகத்தின் எந்த மூலைக்கும் பேசலாம். அதெல்லாம் வேண்டாம், சொந்தமாகக் கோபுரம் நட்டு, சொந்த ஆன்டெனா வைத்து, காற்றிலேதான் பேசுவேன் என்று அடம்பிடிக்கிற கூட்டம். அப்படி மெனக்கெட்டுக் கடல் தாண்டி ஒருவரைப் பிடித்து என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? "அங்க மழையா? உங்க ஆன்டெனா எவ்வளவு உயரம்?" இதைப் பக்கத்தில் நின்று கேட்டு ஏணியம்மா வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாள். ஆனாலும் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் கிடைத்ததும் அந்த முகங்களில் வருகிற சந்தோஷத்தைப் பார்த்துவிட்டால், அதற்கு மேல் கிண்டல் பண்ண வாய் வராது.

இந்தத் தொழிலில் முதலில் ஏறிக்கொண்டிருந்தது அவள் புருஷன். கீழே கயிறு பிடித்தவள் அவள். ஒரு நாள் அவர் பாதி உயரத்தில் நின்றுகொண்டு ஸ்பேனரைத் தவறவிட்டார். அதை எடுத்துக் கொடுக்க ஏறினாள். ஏறியவள் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணிகள், முகத்தில் அடிக்கிற காற்று. அடடா, இவ்வளவு நாள் இந்த மனுஷன் இதைத் தனியாகவா அனுபவித்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்குப் பொறாமையே வந்துவிட்டது.

"நீங்க இறங்குங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிவிட்டார். உயரம் என்றாலே தனக்குப் பயம் என்பதை இறங்கிய பிறகுதான் சொன்னார். அப்படிப்பட்ட மனுஷன். சொல்ல வேண்டியதைத் தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகுதான் சொல்வார்.

அன்றிலிருந்து அவள் மேலே, அவர் கீழே. கட்டிலுக்கு அடியில் சுருள் சுருளாகக் கயிறு, கதவுக்குப் பின்னால் பெல்ட், மகள் படிப்பு முடித்துப் போட்டுவிட்டுப் போன பள்ளிக்கூடப் பையில் ஸ்பேனர்கள். குடும்பம் சுகமாகத்தான் ஓடியது. புதுக் கோபுரம் நடுவது, பழையதன் துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, நாலு பக்கமும் பிடித்திருக்கும் ஸ்டே கம்பிகளை இறுக்குவது, கேபிள் இணைப்புகளுக்கு டேப் சுற்றுவது. டேப்பைக் கீழிருந்து மேலாகத்தான் சுற்ற வேண்டும். மேலிருந்து சுற்றினால் மடிப்பு மடிப்பாக மழைத்தண்ணீர் உள்ளே போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் யார் பேச்சையும் கேட்க மாட்டாள். மற்றபடி தங்கமான மனுஷி.

தொல்லை ஆரம்பித்தது பல் டாக்டர் வீட்டில்.

டாக்டர் நல்லவர். கிளினிக்குக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கோபுரம் நட்டிருந்தார். பெரிய ஆன்டெனா ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதோடு நின்றிருக்கலாம். "பாவம், கையால எதுக்கு இழுக்கணும்?" என்று, கைப்பிடி வைத்த ஒரு வின்சையும் வாங்கிக் கோபுரத்தின் அடியில் பொருத்திவிட்டார். கைப்பிடியைச் சுற்றினால் போதும், எவ்வளவு கனமும் தன்னால் ஏறும். ஏணியம்மாவுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. புருஷன் வயசுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருக்கட்டுமே.

ஆன்டெனா பாதிக்கு மேல் வந்தபோது அதன் ஒரு முள் ஸ்டே கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை விலக்க அவள் கையை நீட்டினாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

நிற்கவில்லை. ஆன்டெனா மேலே வந்துகொண்டே இருந்தது. முள் வில்லாக வளைந்தது.

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல! ஐயோ, நிறுத்துங்க!"

ஆன்டெனாவின் நடுக்குழாய் கோபுரத்தின் காலோடு வந்து மோதுவதற்கும் அவள் விரல்களைப் பிடுங்கிக்கொள்வதற்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். உயிர் போய் உயிர் வந்தது. கீழே பார்த்தால், அவர் வின்சில் கயிறு ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்தபடி அக்கறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து டாக்டரே ஓடி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

இறங்கி வந்து அவள் கொடுத்த வசவில் காத்திருந்த நோயாளிகள் பல்வலியை மறந்திருப்பார்கள். அவர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் முற்றத்தில் உட்கார்ந்து கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஏணியம்மாவுக்கு ஏதோ உறுத்தியது. அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"இந்தாங்க, அடுப்படியில தீப்பிடிச்சிருக்கு" என்றாள்.

அவர் எண்ணெய் போட்டார்.

"உங்களவிட உங்க தம்பிதான் அழகு."

இந்த ஒரு வார்த்தைக்கு அவர் சீறி எழாத நாளே கிடையாது. இப்போது கப்பியைச் சுற்றிவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்த்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கிப்போயிற்று. முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்துங்க?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. இப்ப பக்கத்துல நின்னு பேசினாத்தான்... அதுவும் உன் வாயப் பாத்தாத்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேற ஆள வெச்சுக்குவ."

இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். கூப்பிட்டால் திரும்பாத புருஷன் எந்த வீட்டில்தான் இல்லை? காதில் வாங்காத ஜென்மம் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

அவரே வழியும் சொன்னார். "தம்பியக் கூட்டிட்டுப் போ. அவனுக்குப் பாம்புக் காது. நான் வேண்டாம். இன்னைக்கு உன் விரல் போயிருக்கும்."

இரவெல்லாம் அவள் புரண்டு புரண்டு படுத்தாள். கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டால் அந்த மனுஷன் வீட்டோடு முடங்கிப் போவார். வாங்காமல் விட்டால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவள் கையோ உயிரோ போகும். போனால் அதற்கு அவரே காரணம் என்று ஆகும். எதைச் செய்தாலும் அடி அவருக்குத்தான்.

கடைசியில், பாதியில் நின்ற வேலையை முடிக்க டாக்டர் வீட்டுக்குக் கொழுந்தனையே கூட்டிக்கொண்டு போனாள். வெல்டர். வாய் ஓயாதவன், ஆனால் அண்ணி என்றால் உயிர். "மெஷினா? அத முதல்ல கழட்டுங்க டாக்டர். கையில தெம்பு இல்லாதவனுக்குத்தான் அதெல்லாம்" என்று வின்சை ஓரங்கட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். வீட்டில் இருக்கச் சொன்ன புருஷனும் கூடவே வந்து, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

கொழுந்தனுக்குக் காது கேட்டது. சந்தேகமே இல்லை. கேட்பதோடு நிற்காமல் பதிலும் சொன்னான்.

"இழுக்கவா அண்ணி? போதுமா அண்ணி? இன்னும் கொஞ்சம்? கொஞ்சம்னா எவ்வளவு அண்ணி?"

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. இழு, விடு, பொறு, ஐயோ இவ்வளவு விடாதே. ஆன்டெனா குதித்துக் குதித்து வந்தது. கம்பியில் மாட்டும், அவள் பார்ப்பாள், கத்துவாள், அவன் கேட்பான், நிறுத்துவான். அதற்குள் முள் வளைந்திருக்கும். அவள் தொண்டை கட்டிப்போய்விட்டது. இதெல்லாம் புருஷனிடம் நான் எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தாள். ஆயிரம் தடவை கத்தியிருக்கிறாள், வாஸ்தவம்தான். ஆனால் ஒரு தடவையாவது ஒரு முள் இப்படி வளைந்ததுண்டா?

அலுப்போடு கீழே பார்த்தாள். கொழுந்தன் இழுத்துக்கொண்டிருந்தான். வாளியின் மேல் உட்கார்ந்திருந்த புருஷன் மேலே பார்த்தபடி இருந்தார். மடியில் கிடந்த அவர் கைகள், இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தன. ஆன்டெனா கம்பியை நெருங்கியது. அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் விரல்கள் இறுக மூடிக்கொண்டன. கயிற்றை நிறுத்திவிட்டார். கொழுந்தன் கையில் கயிறு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏணியம்மாவுக்கு உடம்பு புல்லரித்தது. அட கடவுளே, இந்த மனுஷன் என்றைக்குக் காதால் வேலை செய்தார்? மேலே முள் மாட்டினால் கயிற்றில் கனம் கூடும். அவள் கை வைத்துத் தாங்கினால் குறையும். அதைக் கையால் தெரிந்துகொண்டிருக்கிறார், கண்ணால் சரிபார்த்திருக்கிறார். நடுவில் ஒரு வின்சை வைத்து, அவரைக் குனியவும் வைத்து, கையையும் கண்ணையும் ஒரே நாளில் பிடுங்கியது டாக்டரும் அவளும்தான்.

"தம்பி! கயிற உங்க அண்ணன்கிட்ட குடு."

"என்ன அண்ணி விளையாடுறீங்க? அவருக்குத்தான் காது..."

"காத நான் கேட்டனா? கயிறக் குடுன்னு சொன்னேன். நீ பக்கத்துலயே நில்லு. என் சத்தம் கேட்டா அவர் முதுகுல ஒரு தட்டுத் தட்டு, போதும்."

கொழுந்தன் கயிற்றை நீட்டினான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். தன் விரல்களைக் காட்டி, மேலே அவளைக் காட்டினார். அந்தப் பயம் போகவில்லை. அவள் பெல்ட்டில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள். நீங்கள் பிடிக்கிறவரை இங்கேயே இருக்கிறேன் என்று வாயைத் திறக்காமலே சொன்னாள். இந்தப் பிடிவாதம் அவருக்குத் தெரியாததா? மெல்ல எழுந்தார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கயிற்றை வாங்கினார்.

ஆன்டெனா எழும்பியது. கம்பியை நெருங்கி உரசியது, தானே நின்றது. கையகலம் இறங்கிக் காத்திருந்தது. அவள் முள்ளை ஒதுக்கினாள். மறுபடி எழும்பியது. அவள் வாயே திறக்கவில்லை. உச்சியில் குழாயோடு குழாய் சேர்ந்து உட்கார்ந்ததும் கயிறு தளர்ந்து கொடுத்தது. அவள் நட்டுகளை இறுக்கி, கேபிளுக்கு டேப் சுற்றினாள். கண்ணீர் மறைத்ததால் டேப்பின் நுனியைத் தேடிப் பிடிக்கவே நேரமாயிற்று.

கீழே டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்ன, சத்தத்தையே காணோம்? புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். இங்க எனக்குத்தான் வேலையே இல்ல" என்றான் கொழுந்தன்.

அவள் இறங்கி வந்து அவர் எதிரில், உதடு தெரியும்படி நின்றாள்.

"அன்னைக்கு மெஷின்ல என்னங்க ஆச்சு?"

"சுத்துனா சுத்துச்சு. கையில ஒண்ணும் வரல" என்றார். ஓரத்தில் கிடந்த வின்சைப் பார்த்து, "நீ மேல இருக்கியா, இல்லையான்னே தெரியல" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோபம் மாதிரி ஒன்றை வரவழைத்துக்கொண்டாள்.

"அப்ப இத்தன வருஷமா நான் தொண்டை கிழிய நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்துனது?"

"அதுக்கு முன்னாடியே நிறுத்தியிருப்பேன். அப்புறமும் கத்துவ. சரி, கத்தட்டும்னு விட்டுட்டேன்."

"கயிறுலயே எல்லாம் தெரியுதுல்ல? பின்ன எதுக்கு எப்பவும் கழுத்து வலிக்க மேலயே பாத்துட்டு நிப்பீங்க?"

அவர் கயிற்றை முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார்.

"கயிறுல உன் கைதான தெரியும்" என்றார். "நீ தெரிய மாட்டியே."

தம்பி பக்கத்தில் நிற்கிறானே என்ற வெட்கம்கூட இல்லாமல் அவள் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். டாக்டர் உள்ளே போய் ரேடியோவைப் போட்டார்.