பார்ஜுக்கு நான் வாங்கிக் கொடுத்த தட்டு

மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். ஜாலான் புசார் தெருவில் ஒரு கடை வாசலில் கயிறு விற்கத் தொடங்கி, அந்தக் கடையையே வாங்கினேன். கப்பலுக்குச் சங்கிலி, கொக்கி எது வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். பிடோக்கில் வீடு, மகளுக்குப் பட்டப்படிப்பு, மகனுக்கு நடுக்கடலில் குழாய் பதிக்கும் பார்ஜ் கப்பலில் வேலை, எல்லாம் என் முயற்சி. அந்த பார்ஜுக்கு இன்டர்நெட் கொடுத்தவனும் நான்தான்.

கையில் தூக்கிப் போகிற சாட்டிலைட் தட்டு அது. "எதுக்கு வாப்பா இதெல்லாம்?" என்றான் மகன். பேசாமல் எடுத்துப் போ என்றேன். மேல்தளக் கம்பியில் அதை மாட்டும் இரும்புப் பிடியை நானே அளவெடுத்துச் செய்தேன். புயல்காற்றிலும் அசையவில்லையாம், கேப்டனே சொன்னாராம். அதன்பின் தினமும் என் மனைவி போனில் அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் பசியாறுவாள்.

ஒரு காலையில் அவள் மவுத்தானாள். மாலை அஸர் தொழுகைக்கு முன் அடக்கம். அதற்குள் மகனைக் கரைக்குக் கொண்டுவரப் படகு கிடைக்கவில்லை. உம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவனுக்கு இருந்த ஒரே வழி அந்தத் தட்டுதான்.

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். மகள் போனைப் பிடித்தாள். திரையில் மகனின் தோளுக்குப் பின்னால் நாலைந்து ஆட்கள். ஆறுதலுக்கு நின்ற பிள்ளைகள்தான். ஆனாலும் அந்நிய ஆண்கள். அவள் உயிரோடு இருந்தபோது அப்படி யார் முன்னும் வந்து நின்றதில்லை. போனை உம்மா பக்கம் திருப்பாதே என்று மகளுக்குக் கை காட்டினேன்.

"ஊரே பாக்கவா காட்டுறோம்? ரூமுக்குப் போய்த் தனியாப் பாரு!"

"மேலதான் வாப்பா லைன் நல்லா..."

"சொன்னதைச் செய்டா!"

படியிறங்கினான். இரும்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படம் அப்படியே நின்று, கறுத்துப் போனது. சுற்றிலும் இரும்பு, சிக்னல் எப்படி உள்ளே போகும்? கப்பல் சாமான் விற்றே வளர்ந்தவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

காத்திருந்தோம். மனைவியின் தம்பி வந்தார். "மச்சான், வேன் கீழ நிக்குது லா. இன்னும் எவ்வளவு நேரம்?"

நான்தான் தலையசைத்தேன். முகத்தை மூடிக் கட்டினார்கள்.

வேன் கதவு சாத்திய பிறகு போன் அடித்தது. "மேல வந்துட்டேன் வாப்பா. காட்டுங்க." அறையை விட்டு வந்தால் திட்டுவேன் என்று, அவ்வளவு நேரமும் உள்ளேயே நின்று போனை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறான்.

இப்போது யார் கேட்டாலும், "லைன் போயிடுச்சு" என்கிறான். சொந்தக்காரர்கள் தட்டைக் குறை சொல்கிறார்கள். தட்டு நன்றாகத்தான் வேலை செய்தது. நான் செய்த பிடியும் அசையவில்லை. கடையைப் பற்றிப் பேசும்போது என்னைச் சொல்கிறீர்கள் அல்லவா? இதற்கும் என்னைத்தான் சொல்ல வேண்டும். அவனைக் கீழே அனுப்பியவன் நான். என் பங்கை மறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை, என் மகனுக்கும்கூட.