பதினேழாவது கேள்வி

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'நச்சரிப்பு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சாலையோ அணையோ வருவதற்கு முன், அதனால் அங்குள்ள நிலத்துக்கும் மனிதர்களுக்கும் என்ன பாதிப்பு என்று ஆய்ந்து அறிக்கை கொடுக்கும் நிறுவனம் அது. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது அவள் வேலை. பத்தொன்பது வருடத்தில் நாலு முறை நாய் கடித்திருக்கிறது. ஆனாலும் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்காமல் எந்த வீட்டு வாசலையும் தாண்டமாட்டாள்.

பதினேழாவது கேள்வி இது: 'திட்டம் வரும் இடத்தில் நீங்கள் மதிக்கும் பழைய இடம், புதைகுழி, நினைவிடம் ஏதாவது உண்டா?' வீட்டுக்குள் நுழையும் முன்பே அதற்கு 'இல்லை' என்று எழுதிவிடும் கெட்டிக்காரர்களும் அலுவலகத்தில் இருந்தார்கள்.

அந்தமுறை வந்தது ஒரு புறவழிச் சாலை. அவள் பங்குக்கு எண்பது வீடு. எழுபத்தொன்பதில் பதினேழுக்கு 'இல்லை'. கடைசியாக ஒரு தையல்காரியின் வீடு. புருஷன், ஓய்வுபெற்ற லாரி டிரைவர், பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தானே பதில் சொன்னார். பதினேழுக்கும் அவர்தான். "ஒண்ணும் இல்லம்மா. வெறும் மேடு, நாலு மரம்."

தையல்காரி ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள், நூல் நுழையவில்லை.

நச்சரிப்பு அக்கா தெருமுனையைத் தொடுவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். தையல்காரி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அந்த மேட்டைத் தோண்டித்தான் ஆகணுமா?"

"ஏங்க்கா, அங்க என்ன?"

"பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்ட குழந்தைங்க எல்லாம் அங்கதான். என்னோடதும். ஆம்பளைங்க தூக்கிட்டுப் போய் வெச்சுட்டு வந்துடுவாங்க. அப்புறம் வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது."

"எத்தனை இருக்கும்?"

"நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு வாங்க. அவர் வெளிய போயிருப்பார்."

மறுநாள் தையல் அறையில் ஒன்பது பெண்கள். வரைபடத்தை வெட்டுமேசையில் விரித்தார்கள். ஒருத்தி தனக்கு, ஒருத்தி இறந்துபோன அக்காவுக்கு என்று விரல் வைக்க வைக்க, இருபத்தேழு புள்ளிகள் விழுந்தன. யார் பெயரையும் எழுதமாட்டேன் என்று நச்சரிப்பு அக்கா வாக்குக் கொடுத்தாள்.

அலுவலகத்தில் குழுத்தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும். ஒரு கல்லு இருக்கா? பதிவேட்டுல ஒரு வரி இருக்கா? எதை ஆதாரம்னு காட்டறது?"

"ஒன்பது பேர் சொன்னதுதான் சார் ஆதாரம். அங்க 'இல்லை'ன்னு போட்டா என் கையெழுத்து இருக்காது."

சொல்லிவிட்டாளே தவிர, வேலை போய்விடுமோ என்று பயம். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. "வேலை போனா போகட்டும், தட்டை ஏன் முறைக்கிறே?" என்றான் கணவன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

குழுத்தலைவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். மறுநாள் அவரே மேட்டுக்கு வந்தார். தையல்காரியும் தோழிகளும் வந்திருந்தார்கள். விஷயம் எப்படியோ காதில் விழுந்து, லாரி டிரைவரும் வந்து தள்ளி நின்றார். வெறும் புல்லைத்தான் பார்த்தார் குழுத்தலைவர். "உங்களோடது எங்கம்மா?" என்றார்.

தையல்காரி இரண்டாவது மரத்தடியைக் காட்டினாள். குழந்தை போன முப்பத்தொரு வருடத்தில் புருஷன் காதுபட அவள் அதைச் சொன்னது அன்றுதான்.

"அங்க இல்ல," என்றார் லாரி டிரைவர். எல்லோரும் திரும்பினார்கள். அவர் மெல்ல நடந்து வந்து, இன்னொரு மரத்துக்குப் பக்கத்தில் நின்றார். "இங்க. லோடு எடுத்துட்டுப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, வந்து பார்த்துட்டுத்தான் போவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்."

தையல்காரி அந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அறிக்கை பத்து நாள் தாமதமாகப் போனது. திட்டக்காரர்கள் முணுமுணுத்தாலும் சாலையை எழுபது மீட்டர் தள்ளிப் போட ஒப்புக்கொண்டார்கள். நினைவுக்கல் வைக்கட்டுமா என்று கேட்டபோது பெண்கள் வேண்டாம் என்றார்கள். வேலியும் ஒரு கதவும் போதும் என்றார்கள். அதற்குப் பூட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். சாலை திறந்த பிறகு, பட்டப்பகலில், புருஷன் பெண்டாட்டியாகவே சிலர் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.