பழைய கணினியில் இருந்த கல்வெட்டு

அன்று கடையில் இருந்தவர்கள்: நான். முள்ளியவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த, கணினி திருத்துகிற ஒரு முஸ்லிம் அண்ணர்; நானா என்றுதான் கூப்பிடுவேன். கண்டாவளையிலிருந்து பஸ்ஸில் வந்த ஓர் அம்மா. அவருடைய மகள். வேறு ஒருவரும் இல்லை.

விசுவமடுவில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக்கொப்பி எடுப்பேன், தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பேன். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. இரண்டு விரலால்தான் தட்டுவேன். கூடுதலாக வருவது கல்வெட்டு வேலை. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகத்தை இங்கே கல்வெட்டு என்பார்கள். தேவாரம், இறந்தவரின் வரலாறு, வம்சம் எல்லாம் அதில் வரும்.

அந்த அம்மாவின் கணவர் இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. கல்வெட்டு அடிக்க வேண்டும். ஆனால் கணவர் பக்கத்துப் பெயர்கள் அம்மாவுக்குப் பாதிதான் தெரியும். அந்த ஆட்கள் பல இடத்தில் சிதறியவர்கள். பலர் உயிரோடு இல்லை. நாலு வருடத்துக்கு முதல் கணவரின் தமையன் இறந்தபோது அவருடைய கல்வெட்டை நான்தான் அடித்தேன். அன்று கணவர் என் கடைக் கதிரையில் உட்கார்ந்து, ஒரு தாளும் பார்க்காமல் எல்லாப் பெயரையும் சொன்னார். அந்தப் புத்தகம் இவர்கள் வீட்டிலிருந்து வெள்ளத்தோடு போய்விட்டது. கேட்ட மற்ற வீடுகளிலும் இல்லை. சொல்லக்கூடிய மனிதரும் இப்போது இல்லை.

“உங்களிட்ட இருக்கும் எண்டு அவர் சொல்லுறவர்,” என்றார் அம்மா.

“இருக்கு,” என்றேன்.

பழைய கணினி போன மாதம் படுத்துவிட்டது. எனக்குப் பயம் இருக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் கடைக்குக் கற்பூரம் காட்டுவேன். கணினிக்கும் காட்டுவேன். பிறகு திரையில் தெரிகிற எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டுத்தான் வேலை தொடங்குவேன். ஒரு வெள்ளியும் தவறவில்லை. புதிதாக வாங்கிய கணினியில் அதைச் செருகினேன். எல்லாம் வரிசையாக நின்றன. ஒன்றும் திறக்கவில்லை.

நானாவுக்குப் போன் எடுத்தேன். வந்து பார்த்தார். சிரித்தார்.

“அண்ணை, நீங்க வெள்ளிக்கு வெள்ளி கழட்டிக்கொண்டு போனது வாசல் படலையில கொழுவின பேர்ப்பலகையை. வீடு அந்தா நிக்குது.” மூலையில் கிடந்த பழைய கணினியைக் காட்டினார்.

திரையில் நான் கண்டது கோப்புக்குப் போகிற வழி மட்டுமாம். கோப்பு உள்ளே வேறு இடத்தில் இருந்ததாம்.

“அவ்வளவு கற்பூரமும் வீணோ?”

“கற்பூரம் என்னண்டு வீணாகும்? கடை நிக்குதுதானே.”

பழைய கணினியின் மூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை வெளியில் எடுத்து, ஒரு வயரால் புதியதோடு இணைத்தார். பத்து நிமிடம் ஓடும். சூடாகி நிற்கும். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து ஆறவிட்டோம். மூன்றாம் தரம் கல்வெட்டுகள் இருந்த இடம் தெரிந்தது. நாலாம் தரம் இந்த ஒரு கோப்பை மட்டும் இழுத்தார். வந்தது. பிறகு டிஸ்க் டக்கு டக்கென்று அடித்தது. நின்றது.

“மற்றதுகள்?”

“மௌத்து,” என்றார் நானா. செத்துவிட்டதாம்.

கோப்பைத் திறந்தார். திரை முழுக்க இங்கிலீசு எழுத்து. இடையிடையே அரைப்புள்ளி.

“இது எங்கட இல்லை,” என்றார் மகள். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

“இதுதானம்மா. பழசில இருந்த தமிழ் எழுத்து இந்தக் கொம்பியூட்டரில இல்லை. நாளைக்குக் கொண்டுவந்து போட்டுத் தாறன்,” என்றார் நானா.

“அச்சுப் பிரஸ்காரர் இண்டைக்குப் பின்னேரம் கேக்கினம். இப்ப நெட்டில எடுக்க ஏலாதோ?” என்றார் மகள்.

நானா வந்த கையோடு மழை பிடித்திருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடும் இல்லை.

நான் திரையைப் பார்த்தேன். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் இந்த எழுத்துகள் தெரியும். பன்னிரண்டு வருடமாக இவற்றைத் தட்டித்தான் தமிழ் அடித்தேன். அம்மா என்று வர எம், கே, அரைப்புள்ளி, கே, எச் தட்ட வேண்டும். தட்டினால் திரையில் தமிழ் விழும். இப்போது தமிழ் விழாமல், நான் தட்டினது தட்டினபடியே கிடந்தது.

“எழுதுங்கோ,” என்றேன் மகளிடம்.

வெறும் மேசையில் விரலைத் தட்டித் தட்டி வாசித்தேன். மெதுவாகத்தான் வந்தது. முதல் பெயர் கணவரின் பாட்டன். அம்மா திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தார்.

“இருவது வருசத் தொழில் எனக்கு. இப்பிடி வாசிக்கிற ஆளை நான் காணேல்லை,” என்றார் நானா.

“குழப்பாதேங்கோ நானா.”

சில பெயருக்கு அம்மா தலையாட்டினார். சிலதை மகள் இரண்டாம் தரம் கேட்டு எழுதினார். பெறாமக்கள் என்ற இடத்தில், அதாவது தம்பியின் பிள்ளைகள் வரிசையில், மகளின் பெயருக்கு முன்னால் பெண் குழந்தை என்று இருந்தது. அவ்வளவுதான். அடித்தது நினைவிருந்தது. பெயர் என்ன என்று அன்று கேட்டேன். “வைக்கேல்லை. அப்பிடியே அடி,” என்றார் அம்மாவின் கணவர். அடித்தேன்.

இப்போது வாசித்தேன். மகள் எழுதவில்லை.

“இது ஆர் அம்மா?”

“உனக்கு மூத்தது. பதினொரு நாள் இருந்தது.”

“புத்தகத்தில நான் காணேல்லையே.”

“நீ உன்ர பேரை மட்டும் தேடிப் பாத்திருப்பாய்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அவரோ சொன்னவர்?”

“ஓம்.”

“எனக்குச் சொல்லேல்லை.” கொப்பியை மகளின் பக்கம் தள்ளினார். “எழுது,” என்றார் மகளிடம்.

மகள் எழுதினார். மிச்சத்தையும் வாசித்து முடித்தேன். மகள் கொப்பியில் மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினார். நாற்பத்தொரு பெயர் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் இல்லாததையும் சேர்த்து எண்ணச் சொன்னார்.

நாற்பத்திரண்டு.